வாசலோடு நின்றுவிடும் திட்டங்கள்

ஒரு பாசனத் திட்டத்துக்கோ குடிநீர்த் திட்டத்துக்கோ வரைவு தயாராகும் இடத்தில் ‘இதில் பெண்களின் நிலை என்ன?’ என்ற கேள்வி எழுந்தால், இரண்டு பதில்களில் ஒன்று தயாராக இருக்கும். ‘வாய்க்காலில் தண்ணீர் வந்தால் குடும்பத்துக்கே வருமானம், அதில் ஆண் என்ன பெண் என்ன?’ என்பது முதல் பதில். பொறியாளர்களும் நிதித் துறையினரும் இப்படிச் சொல்வார்கள். ‘பயனாளிகளில் பாதிக்கு மேல் பெண்கள்தான், பட்டியல் பின்னிணைப்பில் இருக்கிறது’ என்பது இரண்டாவது. இது தொண்டு நிறுவனங்களிடமும், நிதி தருபவர்களுக்கு அறிக்கை எழுதுகிறவர்களிடமும் கிடைக்கும். முதல் பதில் பழைமையானது, இரண்டாவது முற்போக்கானது என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. திட்டத்தின் கடைசி அலகு குடும்பம். அதன் வாசல்வரை பொருளையோ பணத்தையோ கொண்டுசேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது திட்டம் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை என்பதே அந்த நம்பிக்கை. முதல் பதில்காரர் ஆணின் பெயரை எழுதிக்கொண்டு திரும்புகிறார். இரண்டாமவர் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டு திரும்புகிறார். இருவரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. இந்த நம்பிக்கை அறத்தின்படி தவறு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கணக்கின்படியும் அது தவறு என்பதே என் வாதம்.

குடும்பத்தை அலகாகக் கொள்வதில் வசதி இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ரேஷன் அட்டை குடும்பத்துக்கு ஒன்று, வீட்டு வரி ரசீதும் ஒன்று. கணக்கெடுக்கப் போகிறவர் கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஓர் ஆள் போதும். பொருளியல் பாடநூல்களும் நீண்ட காலம் இதற்குத் துணை நின்றன. வீட்டிலுள்ள எல்லோரும் வருமானத்தைப் பொதுவில் வைத்துப் பொது நன்மைக்குச் செலவிடுகிறார்கள், ஆகவே யார் கைக்குப் பணம் வந்தாலும் முடிவு ஒன்றுதான் என்று அவை வைத்துக்கொண்டன. இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் வயல் வயலாகத் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து கிறிஸ்டோபர் உட்ரி என்ற பொருளியலாளர் 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே ஒரே குடும்பத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வயல்கள் உண்டு. ஒரே குடும்பம், ஒரே ஆண்டு, ஒரே பயிர் என்று ஒப்பிட்டபோதும் பெண் பொறுப்பிலிருந்த வயலின் விளைச்சல் கணிசமாகக் குறைந்திருந்தது. அவளுக்கு வேளாண்மை தெரியாததால் நேர்ந்த குறைவு இல்லை இது. எருவும் ஆள் உழைப்பும் கணவனின் வயலில் குவிந்தன, மிச்சம்தான் மனைவியின் வயலுக்கு வந்தது. இருக்கிற எருவையும் உழைப்பையும் வீட்டுக்குள்ளேயே மாற்றிப் பங்கிட்டிருந்தால் உற்பத்தி சுமார் 6 விழுக்காடு கூடியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். புதிய விதையோ புதிய கடனோ தேவையில்லாமல், வெறும் பங்கீட்டால் மட்டுமே கிடைத்திருக்கக்கூடிய 6 விழுக்காடு அது. குடும்பம் ஒரே மனத்தோடு இயங்கும் அலகாக இருந்தால் இந்த லாபத்தை அது தானாகவே எடுத்துக்கொண்டிருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில் முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் முழு அளவில் விரிவாக்கப்பட்டது. அதன் விளைவுகளை ஆராய்ந்து பொருளியலாளர் எஸ்தர் துஃப்லோ 2003இல் எழுதியதும் இதே முடிவுக்கு வருகிறது. பாட்டி ஓய்வூதியம் வாங்கிய வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் மேம்பட்டிருந்தன. தாத்தா வாங்கிய வீடுகளில் அப்படியொரு மாற்றம் தென்படவில்லை. வாசல் ஒன்று, தொகையும் ஒன்று. வாங்கிய கை மாறியதும் குழந்தையின் உடம்பில் அது தெரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ‘குடும்பத்துக்கு வந்தால் எல்லோருக்கும் வந்த மாதிரிதான்’ என்று ஒரு திட்ட அறிக்கை எழுதுமானால், அது ஆதாரத்தைப் பார்க்க மறுக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1970களின் இறுதியில் இலங்கையில் முடுக்கிவிடப்பட்ட மகாவலி அபிவிருத்தித் திட்டம், குடியேறிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை ஏக்கர் வயலும் வீடு கட்டிக்கொள்ள அரை ஏக்கரும் கொடுத்தது. காணி துண்டு துண்டாகிவிடக் கூடாது என்பதற்காக உரிமை ஒருவர் பெயரில்தான், வாரிசும் ஒருவர்தான். விளைநிலம் சிதறக் கூடாது என்று நினைத்தவர்கள் மோசமானவர்கள் அல்லர். ஆனால் அந்த ‘ஒருவர்’ யார்? படிவத்தில் அவர் குடும்பத் தலைவர், நடைமுறையில் கணவன். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகனை வைத்திருந்தது. சொந்த ஊரில் பெற்றோர் நிலத்தில் மகள் என்ற முறையில் பங்கு பெற்றுவந்த பெண்கள் பலர், அரசின் திட்டத்துக்குள் வந்ததும் கணவனின் காணியில் உழைப்பவர்களாக மாறினார்கள். பழைய வழக்கம் தந்ததை நவீனத் திட்டம் பறித்தது. இதைப் பெண்களுக்கு எதிரான முடிவாக எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுக்கவில்லை. நில நிர்வாகம் பற்றிய ‘தொழில்நுட்ப’ முடிவாகத்தான் எடுத்தார்கள். பாலினம் பற்றி வாய் திறக்காத விதியை நடுநிலையான விதி என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவிலும் கதை வேறில்லை. 2019இல் தொடங்கிய பிரதமரின் விவசாயி உதவித் தொகைத் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. நிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்பது தகுதி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் இருந்தவை ஏறக்குறைய 14 விழுக்காடு. நடவும் களையெடுப்பும் யார் கையால் நடக்கின்றன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டா யார் பெயரிலோ அவரே விவசாயி என்று திட்டம் வரையறுத்த அன்றே விடை முடிவாகிவிட்டது. பிறகு எத்தனை கோடிப் பேருக்குப் பணம் போனது என்று மதிப்பீடு செய்தாலும், அந்த வரையறைக்கு வெளியே நிற்கும் பெண் அதில் தென்படவே மாட்டாள்.

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். பெண்களின் தலையை எண்ணுவது. இது பார்வைக்கு நம் பக்கம் நிற்பதால் இதை மறுப்பதுதான் கடினம். 2016 மே மாதம் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்பு வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே தரப்பட்டது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள். பெண் பயனாளிகள் நூற்றுக்கு நூறு. தலையெண்ணும் மதிப்பீட்டாளருக்கு இதைவிடச் சிறந்த திட்டம் அமையாது. ஆனால் இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் 2019 அறிக்கை வேறொரு கேள்வியைக் கேட்டது: இணைப்பு வாங்கியவர்கள் மறுபடி சிலிண்டர் வாங்குகிறார்களா? 2018 மார்ச் இறுதியில் இணைப்புப் பெற்று ஓராண்டு கடந்திருந்த 1.93 கோடிப் பேர் ஆண்டுக்குச் சராசரியாக 3.66 சிலிண்டர்தான் வாங்கியிருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் 3.18 கோடிப் பேரை எடுத்துப் பார்த்தால் சராசரி 3.21ஆக இறங்கியிருந்தது. இணைப்பு எண்ணிக்கை ஏற ஏறப் பயன்பாடு இறங்கியது. விலை ஒரு காரணம், சிலிண்டர் வந்துசேரும் தூரம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. சிலிண்டருக்குக் கொடுக்க வேண்டிய காசு பெரும்பாலும் கணவன் கையில் இருக்கிறது. விறகுக்குக் கொடுக்க வேண்டியது மனைவியின் நேரமும் நுரையீரலும்தான். அவளுடைய நேரத்துக்கு வீட்டுக் கணக்கில் விலை இல்லை என்றால் விறகு இலவசம், எரிவாயு ஆடம்பரம். இந்தக் கணக்கைத் திட்டம் வகுக்கும்போதே போட்டிருந்தால் இணைப்புக்கு மானியம் தந்துவிட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள். மறு சிலிண்டருக்கு யார் பணம் எடுத்துத் தருவார் என்று முதலிலேயே கேட்டிருப்பார்கள்.

தலையெண்ணும் பழக்கம் நிதிநிலை அறிக்கைவரை ஏறிவிட்டது. 2005-06 முதல் ஒன்றிய அரசு ஆண்டுதோறும் பாலின நிதிநிலை அறிக்கை வெளியிடுகிறது. 2025-26இல் அதன் மொத்தத் தொகை 4.49 லட்சம் கோடி ரூபாய். முழுக்க முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் என்று ஒரு பகுதி அதில் உண்டு. ஊரக வீடு கட்டும் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடும் அந்தப் பகுதியில் இடம்பெற்றிருக்கிறது. வீடு பெண்ணின் பெயரிலோ தம்பதியின் கூட்டுப் பெயரிலோ பதிவாக வேண்டும் என்ற நெறிமுறை நல்லதுதான். அதற்காகக் குடும்பமே குடியிருக்கப்போகிற வீட்டின் ஒவ்வொரு செங்கல்லையும் மகளிர் நலச் செலவாக எழுதுவது என்ன கணக்கு? ஏற்கெனவே வகுத்து முடித்த திட்டங்களின் மேல் கடைசியில் ஒட்டப்படும் சீட்டாகப் பாலின சமத்துவம் ஆகிப்போனது.

கடன் திட்டங்களிலும் இதே பாடம் 1990களிலேயே கிடைத்துவிட்டது. ஆன் மேரி கோட்ஸ், ரீனா சென் குப்தா இருவரும் வங்காளதேச ஊரகக் கடன் திட்டங்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரை, பெண்கள் பெயரில் வழங்கப்பட்ட கடனில் கணிசமான பங்கைப் பயன்படுத்தும் முடிவு ஆண் உறவினர் கையில் இருப்பதைக் காட்டியது. பெயர் அவளுடையது, வாரத் தவணைக்குப் பொறுப்பும் அவளுடையது, பணம் மட்டும் இல்லை. தவணை ஒழுங்காகத் திரும்பி வரும் விழுக்காட்டை வெற்றியின் அளவாக வைத்த எந்த மதிப்பீட்டுக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. தருமபுரியில் 1989இல் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் குழுக்களின் எண்ணிக்கையையும் வங்கி இணைப்புத் தொகையையும் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும் அறிக்கைகளை இங்கேயும் சலிக்கச் சலிக்கப் பார்த்திருக்கிறோம்.

சற்று நின்று பேச வேண்டியது நூறு நாள் வேலையைப் பற்றி. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை பெறுவோரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அது ஐந்தில் நான்கு பங்கையும் தாண்டிப் போனது. இது தற்செயலாக நேர்ந்ததில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, இடையில் ஒப்பந்தக்காரர் கிடையாது என்ற விதிகள் பெண்களின் நடமாட்டத்தையும் நேரத்தையும் கருத்தில் கொண்டிருந்தன. திட்ட வரைவிலேயே யோசித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது சான்று. எங்கெல்லாம் யோசிக்கவில்லையோ அங்கெல்லாம் என்ன ஆனது என்பதற்கும் இதே திட்டம்தான் சான்று. கூலி மண்ணின் அளவுப்படி கணக்கிடப்பட்டது. திடகாத்திரமான ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு வெட்டிப் போட முடியும் என்ற ஒப்பந்தப் பணிக் காலத்து அளவு அடிப்படையாக இருந்தது. அறுபதைத் தொட்ட பெண்கள் இருவர் சேர்ந்து, ஒருவர் வெட்ட ஒருவர் சுமந்து, கோடையில் இறுகிப்போன ஏரி மண்ணைக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டும்போது அந்த அளவு எட்டாது. சட்டத்தில் கூலி சமம், கையில் வாங்கும்போது குறைவு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வேலையிடத்தில் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. கள ஆய்வுகள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்ட குறை, அந்த ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இல்லை என்பதே. பெண் தொழிலாளர் விழுக்காடு மட்டும் ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் தவறாமல் இருந்தது.

இதே திட்டத்தில் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஓர் ஆய்வு, சிறிய மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுகிறது. பெண் செய்த வேலைக்கான கூலியும் அங்கே பெரும்பாலும் குடும்பக் கணக்கில், அதாவது கணவனின் வங்கிக் கணக்கில், போய்க்கொண்டிருந்தது. எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் சில ஊர்களில் பெண்களுக்கென்றே தனிக் கணக்கு தொடங்க வைத்து, கூலி நேராக அதில் விழச் செய்து, கணக்கைக் கையாளச் சுருக்கமான பயிற்சியும் கிடைக்கச் செய்தார்கள். 2021இல் வெளியான அவர்களது முடிவுகளின்படி, அந்த ஊர்ப் பெண்கள் திட்ட வேலைக்கும் வெளி வேலைக்கும் கூடுதலாகப் போனார்கள். பெண் வேலைக்குப் போவது பற்றிய கருத்துகளும் காலப்போக்கில் தளர்ந்தன. கூலி உயரவில்லை, வேலையும் மாறவில்லை. பணம் போய் விழும் கணக்கு எண் மாறியது. குடும்பம் ஒரே பணப்பை என்றால் இந்த மாற்றத்தால் எந்த விளைவும் ஏற்பட்டிருக்கக் கூடாது.

பணத்தைப் போலவே நேரமும் குடும்பத்தில் பொதுவில் இல்லை. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். அப்படி ஈடுபடும் ஆண்களோ நான்கில் ஒருவர்தான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் ‘மக்கள் பங்கேற்பு’ முறைகளைப் பாருங்கள். தண்ணீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெண்கள், அங்கன்வாடிக் கண்காணிப்பில் பெண்கள். திட்ட மதிப்பில் இத்தனை விழுக்காடு மக்கள் உழைப்பாகத் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அந்த உழைப்பு யாருடைய நாளிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. பெண்களைச் சேர்த்துக்கொண்டோம் என்று பெருமைப்படும் திட்டம் அவர்களது வேலை நாளை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டியிருக்கலாம். மதிப்பீட்டில் அது பங்கேற்பு என்றே பதிவாகும்.

ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிவாரணத்திலும் இதே குருட்டுத்தனம் தெரிந்தது. 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆக்ஸ்ஃபாம் அடுத்த ஆண்டு வெளியிட்ட விவரப்படி 2,406 பெண்கள், 1,883 ஆண்கள். கடலூர் மாவட்டத்தில் 391 பெண்கள், 146 ஆண்கள். உதவி வந்தபோது மீனவர் என்றால் படகும் வலையும் எஞ்சினும் என்று பொருள் கொள்ளப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகள் வழங்கின. சில இடங்களில் முன்பிருந்ததைவிடப் படகுகள் கூடிவிட்டன என்ற எச்சரிக்கையும் எழுந்தது. கரையில் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றவர்கள், கருவாடு காயப்போட்டவர்கள் ஆகியோரின் முதலும் கடலோடு போயிருந்தது. ஆனால் கூடை, தராசு, கைமாற்றாகப் புரட்டிய முதல் ஆகியவை இழப்புப் பட்டியலில் எளிதில் ஏறவில்லை. அதே மறுசீரமைப்பில் தமிழ்நாடு அரசு புது வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தர முடிவெடுத்ததையும் சொல்ல வேண்டும். செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்து காட்டிய விஷயம் அது.

மறுப்புகளுக்கு வருகிறேன். இது வெளிநாட்டு நிதியோடு இறக்குமதியான சரக்கு, நம் குடும்பங்களுக்குப் பொருந்தாது என்பது அடிக்கடி காதில் விழுவது. வரலாறு இதற்கு ஒத்துழைக்கவில்லை. 1938இல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸின் முயற்சியில் நேருவின் தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைந்தது. அது 1939இல் திட்டமிட்ட பொருளாதாரத்தில் பெண்ணின் பங்கு பற்றி ஆராய ராணி லட்சுமிபாய் ராஜ்வாடே தலைமையில் ஒரு துணைக் குழுவை நியமித்தது. குடும்பத்தின் பகுதியாக மட்டுமல்லாமல் தனி ஆளாகவும் பெண்ணைத் திட்டம் பார்க்க வேண்டும், வீட்டு உழைப்புக்குப் பொருளியல் மதிப்பு உண்டு என்ற கருத்துகள் அந்த அறிக்கையில் இருந்தன. ஐக்கிய நாடுகள் அவை பிறக்கும் முன்பே எழுதப்பட்டவை இவை. அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு முன், 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாடு 1989இல் அதைச் சட்டமாக்கியது, நாடு முழுவதும் வர 2005 ஆனது. இறக்குமதியானது என்னவென்றால் பயிற்சிக் கையேடும் பவர்பாயின்ட்டும்தான்.

குடும்பத்துக்குள் அரசும் நிறுவனமும் மூக்கை நுழைக்கலாமா என்று கேட்பவர்கள், படிவத்தில் ஒரு பெயரை எழுதிய கணமே நுழைந்தாகிவிட்டது என்பதைக் கவனிப்பதில்லை. மகாவலியில் கணவனின் பெயரை எழுதியதும் தலையீடுதான், 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் போடத் தொடங்கியதும் தலையீடுதான். தலையிடாத திட்டம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் தலையிடுகிறோம் என்று தெரிந்து செய்வதா, தெரியாமல் செய்வதா என்பதே தேர்வு.

செலவும் காலதாமதமும் ஆகும் என்ற மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதற்கு நடைமுறையில்தான் பதில் சொல்ல வேண்டும். தொடக்கநிலைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு ஒருவருக்குப் பதில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே கேட்பது, ஒரு நாளின் நேரக் கணக்கைக் கேட்பது, பணமும் பத்திரமும் யார் பெயரில் என்று குறிப்பது, இதையே திட்டம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்பது. கூடுதலாகத் தேவைப்படுவது இவ்வளவுதான். ஓர் அணைக்கோ குழாய்த் திட்டத்துக்கோ மண் பரிசோதனை செய்யக் காலம் ஒதுக்குகிறோம். அதைத் தாமதம் என்று யாரும் குறைசொல்வதில்லை. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோதும் இலவசங்கள் பற்றிய வழக்கமான கேலி எழுந்தது. பயணம் செய்த பெண்களிடமே மாநிலத் திட்டக் குழு கேட்டுப் பார்த்ததில், சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவது தெரிந்தது. கேட்டதால் தெரிந்தது. பெண்களைச் சேர்த்தால் மட்டும் முடிவுகள் மாறிவிடுமா என்போருக்கு, மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களை ஆராய்ந்து ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் துஃப்லோவும் 2004இல் வெளியிட்ட கட்டுரை பதில் சொல்கிறது. அந்த ஊர்களில், பெண்கள் முதன்மையாகக் கேட்டுவந்த குடிநீருக்குக் கூடுதல் முதலீடு போயிருந்தது. சும்மா உட்காரவைக்கப்பட்டதால் வந்த பலன் இல்லை அது, நிதியைச் செலவிடும் அதிகாரம் கைக்கு வந்ததால் வந்த பலன்.

இருக்கிற மறுப்புகளில் வலுவானது சாதியையும் வர்க்கத்தையும் முன்வைப்பது. ‘பெண்கள் என்று மொத்தமாகப் பேசினால் நிலமுள்ள வீட்டுப் பெண்ணும் அவள் வயலில் களையெடுக்கும் தலித் பெண்ணும் ஒன்றாகிவிட மாட்டார்களா?’ என்ற கேள்வி சரியானது. தலையெண்ணும் முறைக்கு இதற்குப் பதிலே கிடையாது. குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்ற நிபந்தனையை ஆதிக்கசாதிப் பெண்களை வைத்தே நிரப்பிவிடலாம், நிரப்புகிறார்கள். குடிநீர்த் தொட்டி எந்தத் தெருவில் எழும்புகிறது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது, அங்கிருந்து குடத்தைச் சுமப்பவர் யார் என்பதைப் பாலினம் தீர்மானிக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்கும் மதிப்பீடு பாதித் தூரம்தான் போகும். ஆனால் இந்த மறுப்பு குடும்பத்தை அலகாகக் கொள்ளும் முறையைக் காப்பாற்றவில்லை, அதை இன்னும் ஆட்டம் காணச் செய்கிறது. தெருவரை பிரித்துப் பார்க்கச் சம்மதிக்கும் ஒருவர் வீட்டுக்குள்ளும் பிரித்துப் பார்க்க மறுப்பதற்கு நியாயம் இல்லை.

இதெல்லாம் கடைசியில் சடங்காகிவிடும் என்ற சலிப்பையும் நான் மதிக்கிறேன். பாலின நிபுணர் என்று ஒருவரை வைத்து, வரைவு முடிந்தபின் கடைசி அத்தியாயத்தை மட்டும் அவரிடம் கொடுத்து எழுதி வாங்கும் வழக்கம் ஊரறிந்தது. அப்படி வரும் அத்தியாயத்தை யாரும் படிப்பதில்லை. கூலி விகிதம், பத்திரத்தில் பெயர், வேலை நேரம், மானியம் எதற்கு என்பவை முதல் அத்தியாயங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. சடங்கை ஒழிக்க வழி கேள்வியைக் கைவிடுவதில் இல்லை. கேள்வியை நிதி ஒதுக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோவதில் இருக்கிறது. பணம் யார் கணக்கில் விழும், சொத்து யார் பெயரில் பதிவாகும், எவருடைய நாளிலிருந்து எத்தனை மணி நேரம் கேட்கிறோம் என்ற மூன்றுக்கும் விடை எழுதாத வரைவுக்கு நிதி அனுமதி இல்லை என்று ஒரு துறை சொன்னால் போதும், அடுத்த ஆண்டு வரைவுகள் வேறு மாதிரி வரும்.

அப்படியொரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஊராட்சி உறுப்பினராக, சமூகத் தணிக்கையாளராக, தொண்டு நிறுவனத்தின் அறங்காவலராக, செய்தியாளராக ஒரு திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், பயனாளிகளில் பெண்கள் இத்தனை விழுக்காடு என்ற வரியில் திருப்தி அடையாதீர்கள். பெண்களைத் தனியாக வைத்துக் கேட்டார்களா, எந்தத் தெருப் பெண்களைக் கேட்டார்கள், அவர்களது நேரம் கூடியதா குறைந்ததா, பணம் இன்று யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அறிக்கையை ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.